ஒரு சொட்டு படக்கூடாது

வன்னியராஜுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பதில் ஊருக்குள் இரண்டு பேச்சு இல்லை. எந்தப் பேய் என்பதில்தான் சண்டை. கன்னடியன் கால்வாயில் குளிக்கப் போய்ச் செத்த கொத்தனார் என்றார்கள் மேலத்தெருவில். கீழத்தெருவில், வாழைத்தோப்புக்குள் உட்கார்ந்து மருந்தைக் குடித்துச் செத்த ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார்கள்.

“சவத்து மூதியளுக்கு அவ்வ வீட்டுப் பேயப் பாக்க நேரமில்ல. அடுத்த வீட்டுப் பேய்க்குப் பேரு வைக்க வந்துட்டாளுவ” என்று அவன் பெண்டாட்டி ஆறுமுகத்தாய் வாசலில் நின்று வைதாள். ஆனால் அவளும் அவன் தலைமாட்டில் அரிவாளை வைத்துவிட்டுத்தான் படுத்தாள்.

முதலில் கைதான் நடுங்கியது. டீக்கடையில் கிளாசைப் பிடித்தால் பாதி டீ கைலியில் சிந்தும். பிறகு மறதி. வயலுக்கு மடையைத் திறந்துவிட்டு, திறந்ததை மறந்து வீட்டுக்கு வந்து காலை நீட்டிவிடுவான். அப்புறம் கோபம். குழம்பில் மருந்து நெடி அடிக்கிறது என்று சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தான். அவள் குழம்பை மோந்து பார்த்தாள். புளியும் வெந்தயமும்தான் மணத்தன. “எனக்கு வெசம் வைக்கியாட்டி?” என்று கேட்டு அழுதான். கல்யாணமாகி ஒரு பிள்ளையைக் கட்டிக்கொடுத்து, அந்தப் பிள்ளைக்கும் ஒரு பிள்ளை ஆகிவிட்டது. அவன் அழுது அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆவணிக் கடைசியில், வேலைக்குப் போகச் செருப்பை மாட்டும்போதே வெட்டு வந்து விழுந்தான். வலிப்பில் கையும் காலும் இழுத்தன. வாயில் நுரை. பக்கத்து வீட்டுச் செந்தூர்பாண்டி ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தான். இழுப்பு அதுபாட்டுக்கு நின்றது. சாவிதான் நிறுத்தியது என்று செந்தூர்பாண்டி இன்றைக்கும் சொல்வான்.

வன்னியராஜைத் தெரியாத வாழைக்காரன் சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவில் கிடையாது. மருந்தடிக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். விடிந்தும் விடியாமல் முதுகில் டேங்கை ஏற்றினால் வெயில் உச்சிக்கு வரும்வரை இறக்க மாட்டான். மூக்கில் துண்டு கட்டுவதில்லை. காற்றுக்கு எதிரே நடக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவன் வைத்திருந்த காபந்து. கலக்குவதற்குக் குச்சி கிடைக்காவிட்டால் கையை விட்டுக் கலக்குவான். டேங்க் கசிந்து முதுகெல்லாம் வழிந்து, கைலி தொடையோடு ஒட்டிக்கிடக்கும். மத்தியானம் அந்தக் கையை வாய்க்காலில் ஒரு அலசு அலசிவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறப்பான். “வன்னி அடிச்சா பூச்சி மட்டுமில்லவே, பூச்சிக்குப் பொண்ணு குடுத்தவன்கூட அந்தப் பக்கம் வரமாட்டான்” என்பான் செந்தூர்பாண்டி. வன்னியராஜுக்கு அதில் பெருமை இருந்தது.

அந்தப் பக்கத்தில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான். ‘மருந்து குடிச்சானா?’ என்று கேட்டால் காய்ச்சல் விட்டதா என்று அர்த்தம். ‘மருந்தக் குடிச்சிட்டான்’ என்றால் பிழைப்பானா என்று அர்த்தம். யாருக்கும் இதுவரை குழப்பம் வந்ததில்லை.

அவன் அதிகமாக மருந்தடித்தது பெரிய முதலாளியின் தோட்டத்தில். பெரிய முதலாளி இறந்ததும் மகன் சிவசண்முகம் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, முதல் காரியமாக டேங்குகளைப் பழைய இரும்புக்குப் போட்டான். இனி ஒரு துளி மருந்து இந்த மண்ணில் விழாது என்றான். சும்மா சொல்லவில்லை, அப்படியே நின்றான். முதல் இரண்டு வருஷம் வாழை இலையெல்லாம் கருகி, குலை கைப்பிடி அளவுக்குச் சிறுத்துப் போனபோதும் நின்றான். மாட்டுச் சாணமும் மூத்திரமும் வெல்லமும் கடலை மாவும் போட்டு டிரம்மில் கலக்கச் சொன்னான். வாழைக்கு அதுதான் சாப்பாடாம்.

“நம்ம வீட்டுல காப்பிக்குக் கருப்பட்டி இல்ல. இங்கன மாட்டு மூத்திரத்துக்கு வெல்லம் போட்டுக் கலக்குதோம். குடுத்து வச்ச மாடுவே” என்றான் செந்தூர்பாண்டி.

“மூணு வருஷம் அண்ணே. மண்ணுல ஏறுன வெஷம் எறங்க மூணு வருஷம் ஆவும். அதுக்கப்புறம்தான் ஆர்கானிக்னு ஒத்துக்கிடுவாங்க” என்றான் சிவசண்முகம்.

ஆறுமுகத்தாய்க்கு அந்தத் தோட்டத்துக் கொட்டகையில் வேலை. சீப்புச் சீப்பாக வாழைக்காயைக் கழுவித் துடைத்து, முதலாளி அச்சடித்து வைத்திருந்த, பச்சை இலை போட்ட ஸ்டிக்கரை ஒட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஸ்டிக்கரில் இருந்த இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனால் ஆர்கானிக் என்ற வார்த்தையை டீச்சர் மாதிரி திருத்தமாகச் சொல்வாள். அவளுக்கு அது விளம்பரம் இல்லை. கண்ணால் பார்த்தது. மூன்றாவது வருஷம் மண்ணைத் தோண்டினால் மண்புழு வந்தது. தவளை வந்தது. மருந்தடித்த காலத்தில் அந்த வரப்பில் இறங்காத கொக்கு, கூட்டமாக வந்து இறங்கியது. கெட்டுப்போன மண், யாரும் ஒன்றும் ஊற்றாமல் சும்மா விட்டதில், தானாகத் தேறியதை அவள் பார்த்தாள்.

புருஷனுக்கு வெட்டு வந்ததை அவள் முதலாளியிடம் சொல்லவில்லை. வெட்டு வருகிறவனைத் தோட்டத்தில் யார் வைத்துக்கொள்வார்கள்? சொல்லாதே என்று செந்தூர்பாண்டியிடமும் சத்தியம் வாங்கினாள்.

சுடலைமாடன் கோவிலில் திருநீறு போட்டுப் பார்த்தார்கள். சாமியாடி இது என் கணக்கில் வராத பேய் என்று கைவிரித்துவிட்டார். அதன்பிறகுதான், ஏரலில் கட்டிக்கொடுத்திருந்த மகள் கலையரசி வந்து கத்தி, அப்பாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதலாளியிடம், ஏரலில் சம்பந்தி வீட்டு விசேஷம் என்று சொல்லி ஆறுமுகத்தாய் லீவு கேட்டாள்.

ஜங்ஷன் பக்கத்தில் ஒரு நரம்பு ஆஸ்பத்திரி. டாக்டர் அஸ்ஃபியா மேலப்பாளையத்துப் பெண். சின்ன வயதுதான், கண்ணுக்குக் கீழே கருவளையம். வெளியே வராந்தா முழுக்க ஆள். தலையை ஸ்கேன் படம் எடுத்துவிட்டு வரச் சொன்னாள். எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனபோது டாக்டர்கூட ஒரு பயிற்சி டாக்டர் பையனும் நின்றான். படத்துக்கு முன்னாலேயே மாத்திரை எழுதி, கலையரசியைக் கீழே மருந்துக்கடைக்கு அனுப்பியிருந்தார்கள்.

“ரெண்டு கையையும் நீட்டுங்க அண்ணாச்சி. இது என்ன மாசம்?”

வன்னியராஜ் யோசித்தான். “பிசான நெல்லுக்கு நாத்துப் பாவுத மாசம்.”

டாக்டர் சிரித்துவிட்டு ஆறுமுகத்தாயைப் பார்த்தாள். “என்ன வேல பாக்காங்க?”

“தோட்ட வேலம்மா.”

“மருந்தடிப்பாங்களா?”

“முந்தி அடிச்சாவ. எனக்குக் கல்யாணம் ஆவதுக்கு முந்தியே புடிச்சி அடிச்சாவ. இப்பத் தொடுததே இல்ல. இப்ப நாங்க ஆர்கானிக்கும்மா.” கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பையனிடம் ஒரு இடத்தைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். பிறகு, “நான் ஃபங்ஷனல்னு நெனச்சேன். இல்ல. இது ஆர்கானிக் தான்” என்றாள்.

ஆறுமுகத்தாய் ஸ்டூலில் முன்னால் நகர்ந்தாள். “ஆர்கானிக்காம்மா?”

“ஆமாம்மா. நீங்க பயப்படுத மாதிரி பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல. ஆர்கானிக். மாத்திரய விடாமப் போடுங்க. வெட்டு வரக்கூடாது, அதுதான் முக்கியம். அடுப்புக்கிட்ட, தண்ணிக்கிட்ட தனியா விடாதிங்க. மாத்திர தீரவும் கூட்டிட்டு வாங்க.”

அவள் என்ன கேட்பது என்று யோசித்து வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்து, எழுந்து இடம் கொடு என்கிற மாதிரி பக்கத்தில் நின்றான்.

கீழே மருந்துக்கடையில் நின்ற கலையரசி, “என்னம்மா சொன்னாவ?” என்றாள்.

“பேயி இல்லியாம். பைத்தியம் இல்லியாம். ஆர்கானிக்காம்.”

“அப்பிடின்னா?”

“நம்ம தோட்டம் மாதிரிதான். ஒடம்புல கெட்டது இல்லன்னு.”

“நல்லதாப் போச்சு. ஊர்க்காரிய வாய அடைக்க இது போதும்” என்றாள் கலையரசி. அவளுக்குப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவந்த அவசரம். அங்கேயே ஏரல் பஸ் ஏறினாள்.

திரும்பும் பஸ்ஸில் வன்னியராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பத்தமடை தாண்டியதும், “என்னமோ சொன்னாவளே அந்தப் பிள்ள?” என்றான்.

“ஒங்களுக்கும் ஆர்கானிக்காம்.”

அவன் சிரித்தான். தோள் குலுங்கச் சிரித்தான். “மூணு வருசம் அந்த மூத்திர டிரம்முக்குள்ளய கெடந்தா மனுசனுக்கும் ஏறாதா பின்ன?”

அவளும் சிரித்தாள். பேயை இறக்கிவைத்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது அவளுக்கு. சேரன்மகாதேவியில் இறங்கி அவனுக்கு ஆமைவடை வாங்கிக் கொடுத்தாள்.

செந்தூர்பாண்டிக்குச் செய்தி சொன்னபோது அவன் வன்னியராஜின் தலையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஏவே, அப்பம் ஒம்ம மண்டையிலயும் பச்ச ஸ்டிக்கர் ஒட்டிருவோம். மெட்ராசுக்கு ஏத்திவிட்டா நல்ல வெலைக்குப் போவும்.”

“ஒம் மண்ட போவாது. அதுல புழு இருக்கு” என்றான் வன்னியராஜ்.

“புழு இருந்தாத்தாம்வே ஆர்கானிக்கு. மொதலாளி சொல்லலியா?”

மாத்திரை போட ஆரம்பித்ததும் வெட்டு நின்றது. ஆனால் ஆளும் நின்றுபோனான். நாக்குத் தடித்துப் பேச்சு குழறியது. எழுப்பினால் எழுந்தான்; விட்டால் படுத்தான். மம்பட்டியை ஓங்கி, ஓங்கியதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றான். மத்தியானம் தூக்குச்சட்டியின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி, பழைய சோற்றில் எறும்பு ஏறியது. பனைமரத்து மூட்டில் அவன் வாய் பிளந்து கிடப்பதைச் சிவசண்முகம் இரண்டு தடவை பார்த்தான்.

“அக்கா, வன்னியண்ணன் ஏன் இப்படி ஆடிட்டு நிக்காரு? குடிக்காரா?”

“இல்ல மொதலாளி. பித்தம். தலசுத்து.”

“குடின்னா சொல்லிருங்க. இங்க எத்தன பேர் வந்து போற எடம்.”

அவள் மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வேலை பார்த்தாள். ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஆர்கானிக் என்று சொன்ன வாயாலேயே அந்தப் பெண் ஏன் மருந்து எழுதினாள்? மருந்தடித்த நாளில் அவன் நன்றாகத்தானே நடமாடினான். மருந்தை விட்ட மூன்று வருஷத்தில் உடம்பு சுத்தமாகிக்கொண்டு வந்திருக்கிறது; அதைத்தான் டாக்டர் படத்தில் பார்த்துச் சொன்னாள். அப்புறம் மேலே மேலே மருந்தைப் போட்டால்?

ஐப்பசியில், மதுரையிலிருந்து ஒரு கூட்டம் தோட்டம் பார்க்க வந்தது. சிவசண்முகம் கொட்டகையில் நின்று விளக்கம் சொன்னான். அவள் காயைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கூட்டத்தில் ஒரு அம்மா, ஓரத்து வாழையைக் காட்டி, இலையெல்லாம் கருகியிருக்கிறதே, இந்த ஒன்றுக்கு மட்டும் லேசாக ஏதாவது அடித்தால் என்ன என்று கேட்டார்.

“கூடாதும்மா. ஆர்கானிக்னு சொல்லிட்டா ஒரு சொட்டு மருந்து படக்கூடாது. ஒரு சொட்டு பட்டாலும், பட்ட மூணு வருஷப் பாடும் போச்சு. மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

கார்கள் போனபிறகு அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போனாள்.

“மொதலாளி, நோவு கண்டிருந்தாலும் மருந்து ஆவாதா?”

“ஆவாதுக்கா. விட்டுரணும்.”

“ரொம்பக் கண்டிருந்தா?”

“ரொம்பக் கண்டாலுந்தான். மொதல்ல வாடத்தான் செய்யும். பாக்கப் பயமா இருக்கும். அப்புறம் தானாத் தேறிக்கிடும். நாம கையக் கட்டிட்டுச் சும்மா இருக்கணும். அதுதான்க்கா கஷ்டம்.”

எங்க வீட்டுக்காரருக்கு என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. கையில் டீ கிளாசோடு அவன் ஒரு வேலைக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டே நகர்ந்தான். அவள் விழுங்கிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் போட்டாள். தூரப் போட மனம் வரவில்லை.

சும்மா இருப்பது கஷ்டம் என்று முதலாளி சொன்னது சரிதான். முதலில் வன்னியராஜுக்கு உடம்பெல்லாம் பதறியது, தூக்கம் போனது. அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாக்கு லேசானது. கண் தெளிந்தது. ஒருநாள் தானாக எழுந்து வாளியில் தண்ணீர் கோரிக் குளித்தான். ஓட்டில் ஒழுகிய இடத்துக்குத் தகரம் சொருகினான். பசிக்கிறது என்றான். அவள் தொலி உளுந்து போட்டு உளுந்தஞ்சோறு ஆக்கி, எள்ளுத் துவையல் அரைத்தாள். தட்டைக் குனிந்து மோந்து பார்த்தான். அவள் துவையல் சட்டியை அவனுக்கு எட்டாமல் நகர்த்தினாள்.

“எள்ளு மணக்கு” என்று சொல்லிவிட்டு அள்ளித் தின்றான்.

அவன் தின்று முடித்துத் தட்டில் கையைக் கழுவியபோது அவள் சொன்னாள்: “மாத்திரய நிறுத்திட்டேன்.”

“அதானப் பாத்தேன். தலைக்குள்ள கிடந்த சாக்கு மூட்டய யாரோ எறக்குன மாதிரி இருக்கு.”

“டாக்டரே ஆர்கானிக்குன்னு சொன்ன பெறவு எதுக்கு மருந்து? மொதலாளிக்கிட்டயும் கேட்டுட்டேன்.”

“என்னப் பத்தியா?”

“ஒங்களச் சொல்லல. பொதுவாக் கேட்டேன்.”

அவன் துண்டில் வாயைத் துடைத்தான். “மண்ணுக்கு மூணு வருசம். மனுசனுக்கு எத்தனயாம்?”

“அதக் கேக்கலியே.”

“கேட்டிருக்கலாம்லாட்டி. நான் மண்ண விடக் கூடத்தான் குடிச்சிருப்பேன். அதுக்கு வேர்ல விழுந்துச்சு. எனக்கு முதுவு, கை, மூஞ்சி எல்லாம்.” கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நடுக்கம் இருந்தது, ஆனால் குறைச்சல் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். “பேத்தி பள்ளிக்கூடத்துக்குப் போவதுக்குள்ள தேறிருவேன், என்ன?”

“தேறிருவிய.”

கார்த்திகை பிறந்ததும் மழை ஊன்றிப் பெய்தது. ஆற்றில் செந்தண்ணீர் வந்தது. கன்னடியன் கால் கரையை நக்கிக்கொண்டு ஓடியது. நட்ட வயலில் தண்ணீர் தேங்கிவிடும் என்று, மழை வெறித்த ஒரு காலையில் மடையைத் திறந்துவிட வன்னியராஜை அனுப்பினார்கள். அவன் மம்பட்டியைத் தோளில் போட்டபோது ஆறுமுகத்தாய்க்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. தண்ணிக்கிட்ட தனியா விடாதிங்க. ஆனால் வெட்டு வந்து எத்தனை காலமாயிற்று. ஆளும் தேறிவிட்டான். வேண்டாம் என்றால் ஏன் என்று முதலாளி கேட்பான்.

“செந்தூர்பாண்டி அண்ணனயும் கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

“அவன் வந்தா மடையவா தெறப்பான்? வாயத்தான் தெறப்பான்.”

அப்படியும் செந்தூர்பாண்டி கூடத்தான் போனான். நடுவில் தீப்பெட்டி நமுத்துவிட்டது என்று ஒரு நெருப்புக்காகப் பம்புசெட்டுக்குத் திரும்பினான். அவன் போய்ப் பார்த்தபோது மம்பட்டி வரப்பில் நேராகக் குத்தி நின்றது. வன்னியராஜ் மடை வாயில் குப்புறக் கிடந்தான். முழங்கால் ஆழத் தண்ணீர். கால் மட்டும் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. வயலில் பெரிய மீன் ஏறிவிட்டது என்றுதான் செந்தூர்பாண்டி முதலில் நினைத்தானாம்.

கரையில் இழுத்துப் போட்டும் வெட்டு நிற்கவில்லை. சாவிக்கொத்தைக் கையில் திணித்தான், நிற்கவில்லை. ஒன்று முடியும் முன்னால் அடுத்தது வந்தது. சிவசண்முகம் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்கு ஓட்டினான். பின் சீட்டில் சேறும் நுரையுமாகப் புருஷனின் தலையை மடியில் அழுத்திப் பிடித்திருந்த ஆறுமுகத்தாய், “மாத்திரய நிறுத்தாம இருந்திருக்கணுமோ, நிறுத்தாம இருந்திருக்கணுமோ” என்று ஒரே மாதிரி சொல்லிக்கொண்டு வந்தாள்.

“எந்த மாத்திர? அண்ணனுக்கு இது முன்னாலேயே இருக்கா?”

“நீங்கதான மொதலாளி சொன்னிய, ஒரு சொட்டு படக்கூடாதுன்னு.”

கார் ஒரு கணம் வேகம் குறைந்தது.

“அக்கா, நான் வாழையச் சொன்னேன்.”

“ஆமா. வாழையத்தான் சொன்னிய.”

“ஆளப் பத்திக் கேக்கியன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லலியே.”

ஆஸ்பத்திரி வரும்வரை சிவசண்முகம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

உயிர் தங்கிவிட்டது. அதைத்தான் எல்லோரும் முதலில் நல்ல செய்தியாகச் சொன்னார்கள். தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றிய அன்று டாக்டர் அஸ்ஃபியா, ஆறுமுகத்தாயையும் கலையரசியையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கோபமாக இருந்தாள்.

“மாத்திரய யாரு நிறுத்தச் சொன்னா?”

ஆறுமுகத்தாய் ஸ்டூலில் உட்காராமல் நின்றாள்.

“துட்டு இல்லன்னா எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லாம்மா? சும்மாவே வாங்கிக் குடுத்திருப்பேனே.”

“துட்டுக்காவ நிறுத்தலம்மா. நீங்கதான் ஆர்கானிக்குன்னு சொன்னிய.”

“ஆமா, சொன்னேன்.”

“ஆர்கானிக்குக்கு மருந்து ஆவாதுல்லா.”

டாக்டருக்கு விளங்கவில்லை. கலையரசிதான், அம்மா வேலை பார்க்கிற தோட்டம், ஸ்டிக்கர், முதலாளி சொன்னது என்று உடைந்து உடைந்து சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டர் பேனாவை மூடி, மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள்.

“அம்மா, அது வேற. நாங்க சொல்லுதது வேற. ஆர்கன்னா உறுப்பு. ஈரல், கிட்னி மாதிரி மூளையும் ஒரு உறுப்பு. இது மனசுல வந்த கோளாறு இல்ல, மூளையே கெட்டுப் போயிருக்குன்னு அர்த்தம்.”

“கெட்டுப் போனதுக்கா ஆர்கானிக்குன்னு பேரு?”

“ஆமா.”

“எதுனால கெட்டுச்சு?”

“நிச்சயமாச் சொல்ல முடியாது. அத்தன வருஷம் அடிச்ச மருந்துதான் காரணமா இருக்கும். அந்த மருந்தே…” டாக்டர் நிறுத்தினாள்.

“அந்த மருந்தே என்னம்மா?”

“அதுவும் ஆர்கானிக் வகதான். ரசாயனப் பாடத்துல அப்படித்தான் பேரு.”

ஆறுமுகத்தாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள், இது நிஜமா என்று கேட்கிற மாதிரி. கலையரசி பிளஸ் டூ படித்தவள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் தமிழ்ல சொல்லிருக்கணும்” என்றாள் டாக்டர்.

“தமிழ்ல மட்டும் என்னம்மா. பூச்சிக்கு அடிக்கதும் மருந்து. நீங்க குடுத்ததும் மருந்து.”

டாக்டருக்கு மறுபடி கோபம் வந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. “சரிம்மா, அந்த ஒரு வார்த்த தப்பா வெளங்கிட்டு. தண்ணிக்கிட்டத் தனியா விடாதிங்கன்னு சொன்னேனே, அதுவுமா காதுல விழல?”

“விழுந்துச்சும்மா” என்றாள் ஆறுமுகத்தாய்.

வெளியே வராந்தாவில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். கதவுவரை போன ஆறுமுகத்தாய் திரும்பினாள்.

“தேறுவதுக்கு மூணு வருசம் ஆவுமா?”

“இல்லம்மா. இனி இப்படித்தான் இருப்பாங்க. மாத்திரய மட்டும் விட்டுராதிங்க.”

தையில் பிசானம் அறுத்தார்கள். மாசியில் தோட்டத்துக்குச் சோதனைக்காரர்கள் வந்தார்கள். மண்ணை அள்ளினார்கள், கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்தார்கள், இலையைக் கிள்ளிப் பொட்டலம் கட்டினார்கள். சுத்தம் என்று முடிவு வந்தது. சிவசண்முகம் வாசல் பலகையைப் புதிதாக எழுதி, எல்லோருக்கும் கேசரி கொடுத்தான். ஆறுமுகத்தாய்க்கு மட்டும் அவனே இலையில் எடுத்துக்கொண்டு வந்தான். அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. மத்தியானம் வீட்டுக்குப் போய்வர விட்டான். வாராவாரம் ஒரு சீப்புப் பழம் கொடுத்தனுப்பினான். “அண்ணனுக்குக் குடுங்கக்கா. மருந்து படாதது” என்று முதல் தடவை சொன்னான். அப்புறம் சொல்வதில்லை.

ஊரில் பேய்ப்பேச்சு நின்றுவிட்டது. இப்போது அவனைப் பார்த்தவர்கள் அந்தப் பேயே இருந்திருக்கலாம் என்றார்கள்.

வன்னியராஜ் நார்க்கட்டிலில் கிடந்தான். கண் திறந்திருக்கும்; எதையும் பார்க்காது. வாயில் வைத்தால் விழுங்குவான். சிலசமயம் வலதுகை மட்டும் தூக்கித் தூக்கித் தாழும், டேங்கின் கைப்பிடியை அடிக்கிற மாதிரி. செந்தூர்பாண்டி சாயங்காலம் வந்து கட்டில் பக்கத்தில் குந்துவான். முன்பு மாதிரி ஏதாவது சொல்லப் பார்ப்பான். “என்னவே, மடையத் தெறந்துட்டு வந்துட்டீரா?” என்பான். பிறகு பீடியைப் பற்றவைக்காமலே காதில் சொருகிக்கொண்டு பைய எழுந்து போவான். நெருப்பு கேட்டு அவன் யாரிடமும் போவதில்லை.

மாத்திரையைத் தண்ணீரோடு கொடுத்தால் துப்பிவிடுகிறான். சோற்றில் வைத்தால் கசக்கிறதோ என்னவோ, நாக்கால் ஒதுக்கித் தள்ளுகிறான். பழத்தில் வைத்தால் போகிறது. பங்குனி வெயிலில் மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்த ஆறுமுகத்தாய், சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தாள். ஸ்டிக்கரை உரித்தாள். தோலை நீக்கி, அம்மியில் பொடித்து வைத்திருந்த மாத்திரையைத் தூவி விரலால் பிசைந்தாள். வெள்ளைப் பொடி வெள்ளைச் சதையில் மறைந்தது. உள்ளே மருந்து இருப்பது யாருக்கும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்தாள். அவன் விழுங்கினான்.

ஸ்டிக்கர் அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உதறினாள். இந்த விரலிலிருந்து அந்த விரலுக்கு மாறியது. கட்டில் சட்டத்தில் தேய்த்து அப்பினாள். அங்கே ஏற்கெனவே வரிசையாகப் பச்சை இலைகள் ஒட்டியிருந்தன; பழையவை வெளுத்துப் போயிருந்தன.

ஏரலிலிருந்து வந்திருந்த கலையரசி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா இத அப்பா கட்டில்ல ஒட்டி வச்சிருக்க?”

ஆறுமுகத்தாய் அவன் வாயை முந்தானையால் துடைத்தாள்.

“வேற எங்கன ஒட்ட?” என்று கேட்டுவிட்டு, கொட்டகைக்குப் போக நேரமாகிவிட்டதென்று எழுந்தாள்.